அறைக்கும் அறைக்கும் நடுவே

1

வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் நான்தான் பிரிப்பேன். நியூசிலாந்துக்கு வந்து ஆக்லாந்தில் குடியேறிய இந்த ஏழு வருடங்களாக அதுதான் வழக்கம். மின்சாரக் கட்டணம், மகளின் பள்ளிக்கூட நோட்டீஸ், வரி இலாகாவின் கடிதம், எதுவானாலும் வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே படித்துவிடுவேன். இந்த ஊரில் அரசாங்கக் கடிதங்கள் மிகவும் மரியாதையாகத் தொடங்கும். மரியாதை கூடக்கூட எனக்குச் சந்தேகமும் கூடும்.

போன மாதம் வந்த கடிதம் என் மனைவி செல்வராணியின் பெயருக்கு வந்திருந்தது. அவளுடைய ஓய்வுக்காலச் சேமிப்பின் முதல் வருடக் கணக்கு என்று தலைப்பில் போட்டிருந்தார்கள். ஒரு வரியில் அவள் போட்ட தொகை. அடுத்த வரியில் அதன் இன்றைய மதிப்பு. இரண்டாவது தொகை முதல் தொகையைவிடக் குறைவாக இருந்தது.

குறைந்திருந்தது கூட அப்போது மனதில் படவில்லை. அப்படி ஒரு கணக்கே இருந்திருக்கக் கூடாது.

ஊரில் இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2007இல் இந்த நாட்டு அரசாங்கம் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊர் பி.எஃப். மாதிரிதான், ஆனால் கட்டாயமில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அவர்களைக் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள். வேண்டாம் என்கிறவர்கள் சில வாரங்களுக்குள் ஒரு படிவம் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளலாம். என்னைப்போல ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் விருப்பப்பட்டால் சேரலாம். நான் சேரவில்லை. செல்வராணி அந்தச் சமயத்தில்தான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்கான விலகல் படிவத்தை நானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து அவள் கையில் கொடுத்தேன். ‘குடுத்திட்டியா?’ என்று மறுவாரம் கேட்டதற்கு, ‘ம்’ என்றாள்.

அந்த ‘ம்’ பொய் என்று கடிதம் சொன்னது.

இரண்டு நாள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய சம்பளச் சீட்டு முன்பெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கும். பல மாதங்களாக அதைக் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பார்த்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சீட்டுகளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பிடித்தம். யார் சொல்லிக்கொடுத்தார்கள், ஊரில் அவள் தம்பிக்குத் தெரியுமா, தனக்கென்று தனியாக ஏற்பாடு செய்துகொள்ளும் அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று யோசித்தபடி அன்று நான் வேலை பார்க்கும் பெயின்ட் கம்பெனியில் ஒரே பெயின்ட் மாதிரியை மூன்று முறை சோதித்தேன்.

2

நான் விருதுநகரில் வேதியியல் படித்தவன். இங்கே பெயின்டின் கெட்டித்தன்மையை அளப்பது என் வேலை. அங்கே நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருடம் போர்மேனாக இருந்தேன்.

பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டிடம் என்று இந்த ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றை அறைகள்தான் ஆலை. ஒவ்வொரு அறையின் சுவரிலும் உள்ளே எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். சீசன் நெருங்கினால் நாலு பேர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எண்ணிக் கலைத்துவிடுவதுதான் என் வேலையில் பாதி. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் தாழிடக் கூடாது என்பது இன்னொரு பாதி.

ஒரு நாள் மதியம் மருந்து கலக்கும் அறை வெடித்துப் போய்விட்டது. சாப்பாட்டு நேரம், உள்ளே ஆள் இல்லை. கூரைத்தகடு வேலியோரம் போய் விழுந்தது. பக்கத்து அறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். காது அடைத்துப்போனதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நால்வரில் ஒருத்தி என் அக்கா முத்துமாரி. அன்று காலையில்தான் அந்த அறையில் கூடுதலாக இருந்த இரண்டு பேரை எழுப்பி அனுப்பியிருந்தேன். ‘எண்ணிக்கைதாம்லே காப்பாத்துச்சு’ என்று முதலாளியின் மகன் என் தோளைத் தட்டினார். நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

வெளிநாடு வந்ததும் ஓய்வுக்காலத்துக்கு நான் போட்ட திட்டம் ஒரு போர்மேன் போடும் திட்டம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது. மிச்சம் பிடித்ததை ஆறாகப் பிரித்து ஊரில் ஆறு பேருக்கு அனுப்பினேன். அக்கா, செல்வராணியின் தம்பி, அச்சங்குளத்து மாமா, இன்னும் மூன்று பேர். அக்கா தபால் ஆபீஸில் போடுவாள். மாமா நகையாக வாங்கி வைப்பார். ஒருவர் கூட்டுறவு வங்கி, ஒருவர் மனை. ஆறு அறை, ஆறு பேர். அறுபது வயதில் விருதுநகருக்குத் திரும்பி, ஆறு பேரிடமும் வாங்கிச் சேர்த்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்கு. இதைச் செல்வராணியிடம் காகிதத்தில் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். பெருமையாகத்தான் விளக்கினேன்.

3

2006இல் விருதுநகரில் ஒரு வட்டிக் கம்பெனி ஒரு காலைப்பொழுதில் திறக்கவில்லை. செல்வராணியின் தம்பிதான் போனில் அழுதான். ‘அத்தான், ஒங்க பணத்தை அதுலதான் போட்டிருந்தேன்.’ ஆறில் ஒன்று போயிற்று, மற்ற ஐந்தும் இருக்கிறதே என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

திங்கட்கிழமை சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். வரிசை வெளிவாசல் வரை நின்றது. எல்லார் கையிலும் அந்தக் கம்பெனி கொடுத்த ஒரே பச்சை அட்டைக் கணக்குப் புத்தகம். மைத்துனனும் நானும் வால்பக்கம் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அச்சங்குளத்து மாமா. கையிலிருந்த புத்தகத்தை வேட்டி மடிப்புக்குள் தள்ளப் பார்த்தார்.

“மாப்ள, நீங்க எங்கன?”

“நகை எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னீகளே மாமா.”

“எடுக்கத்தான் இருந்தேன். வெல ஏறிக் கெடந்துச்சு. எறங்குற வரைக்கும் சும்மா கெடக்க வேண்டாமேன்னு இங்கன போட்டேன்.”

வரிசையில் மேலே பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் போட்டதாகச் சொன்ன சித்தப்பா மகன். அவனுக்கு நாலு பேர் தள்ளி, மனை வாங்கியிருப்பதாகச் சொன்னவர். ஆறு பேரும் இருந்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “குடும்பத்தோட வந்திருக்கீக போல. காப்பி எத்தனை சொல்லட்டும்?” என்றார். சிரிப்பு வந்தது அந்த வரிசைக்கு. அங்கே நின்ற யாருக்கும் சிரிக்க வேறு ஒன்றும் இல்லை.

அக்கா முன்னால் நின்றாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. நானே போனேன்.

“தபால் ஆபீஸ்னு சொன்னியேக்கா.”

“சொன்னேன்.”

“பெறகு?”

“வட்டி கூடன்னு சொன்னாக. ஒனக்குத் தபால் ஆபீஸ் வட்டியக் குடுத்துட்டு மிச்சத்துல வீட்டுக்கு ஓடு மாத்தலாம்னு நெனச்சேன். எம் பி.எஃப். பணத்தையும் அதுலதான் போட்டேன்.”

அக்கா மகள் கல்யாணத்தில் அந்தக் கம்பெனியின் ஏஜென்ட் ஒருவன் பந்திக்கு வந்திருக்கிறான். ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்த ஆறு பேரிடமும் ஒரே பேச்சைப் பேசியிருக்கிறான். ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் என்னிடம் ஆறு விதமாகச் சொன்னார்கள்.

அன்று அந்த வரிசையில் நிற்கும்போதுதான் நாரணாபுரத்து மதியம் எனக்கு வேறு மாதிரி புரிந்தது. பக்கத்து அறை பிழைத்தது உள்ளே நாலு பேர் இருந்ததால் அல்ல. நடுவில் மண்மேடும் வெறும் நிலமும் இருந்ததால். அந்த இடைவெளியில் யாராவது சரக்கைக் காயப்போட்டிருந்தால் நாலு பேர் என்ன, ஒருத்தர் இருந்தாலும் போயிருப்பார்கள். நான் அறைகளை எண்ணினேன். நடுவில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை.

இந்தப் புரிதலை வைத்துக்கொண்டு புத்திசாலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. திரும்பி வந்து, எங்கேயும் எதையும் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அக்காவோடு பேசுவதும் பொங்கலுக்குப் பொங்கல் என்று ஆகிவிட்டது. வங்கிக் கணக்கைக்கூட வாரத்துக்கு இரண்டு முறை திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த வருடங்களில் இங்கேயும் வட்டிக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு அறையில் யாராவது அந்தச் செய்தியைப் படித்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வரும். அது நல்ல குணமில்லை என்று தெரியும்.

4

கடிதம் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அதை மேசையில் வைத்தேன். செல்வராணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அரிந்தாள்.

“படிச்சிட்டீகளா?”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா விடுவீகளா? அந்தப் படிவத்துல எனக்குப் புள்ளியெல்லாம் வச்சுக் குடுத்தீக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வைக்குற மாதிரி.”

“போட்டதைவிடக் கொறஞ்சிருக்கு, பாத்தியா? நான் சொன்னது நடந்துச்சா இல்லையா?”

“கொறஞ்சிருக்கு. போகலை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா போர்மேன் வேல பாத்தீக?”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்க இல்லத்துல ஒருத்தர் இருக்காரு. செருப்பு பிஞ்சு மூணு வாரமாச்சு. புதுசு வாங்கித் தாரேன்னு சொன்னேன். வேண்டாம், எம் மகன் வாங்கிட்டு வருவான்னு சொல்றாரு. மகன் நல்லவன்தான். போன் பண்ணாத நாளில்ல. ஆனா வரலை. இந்த மனுசன் ஒத்தச் செருப்போட நடக்காரு. பக்கத்து ரூம்ல ஒரு அம்மா. அவுக மகனும் அடிக்கடி வாரதில்ல. ஆனா வேணுங்கிறத அவுக காசுலயே சொல்லி வாங்கிக்கிடுறாக. மகன் வந்தா சிரிச்சுப் பேசி அனுப்புறாக. கேக்குறதுக்கு ஒண்ணுமில்லைல்லா, அதான் சிரிக்க முடியுது. நான் அந்த அம்மா மாதிரி இருக்கணும்.”

எங்கள் மகள் அபிநயா வரவேற்பறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தலையை நீட்டி, வயதானதும் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு இருக்கப்போவதாகவா திட்டம் என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“ஏன், கூடாதா?” என்றேன்.

இருக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குத் தகுந்த வீடு பார்க்க வேண்டும், அதற்குத் தகுந்த வேலையும் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு மறுபடி பாடத்தில் குனிந்துகொண்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு என் கணக்கில்தான் இருந்தது. விருதுநகரில் ஆறு பேரை நம்பினேன். அது போனபின் யாரையும் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஏழாவது அறையாக இந்தப் பெண்ணை வைத்திருந்தேன். அவளைக் கேட்காமலே.

5

எங்கள் கம்பெனியில் சம்பளப் பிரிவைப் பார்ப்பவர் ஜூடி. மறுவாரம் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் முன்னும் பின்னுமாகும். ஓய்வுக்காலத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்லப்போய், ஓய்வு பெறுவதில் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “உங்களை ஓய்வு பெறச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது” என்று ஆறுதலாகச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

நான் போடுவதோடு கம்பெனியும் கொஞ்சம் சேர்த்துப் போடும் என்பதுதான் எனக்கு முதல் சந்தேகம். சிவகாசிப் பக்கம் கம்பெனி முன்பணம் கொடுத்தால் அது தொழிலாளியின் காலில் கட்டும் கயிறு. கழியும் வரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது.

“நான் வேலையை விட்டுப்போனால் நீங்கள் போட்டதைத் திருப்பிக் கேட்பீர்களா?”

“இல்லை.”

“இந்தக் கம்பெனி எரிந்துபோனால்?”

ஜூடி நிமிர்ந்து பார்த்தார். பெயின்ட் கம்பெனியில் அந்த வார்த்தையை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

“உங்கள் பணம் இங்கே இருக்காது. வரி இலாகாவுக்குப் போகும். அங்கிருந்து முதலீடு செய்கிறவர்களுக்குப் போகும். அவர்கள் கையிலும் நேரடியாக இருக்காது. அதைப் பாதுகாத்து வைப்பதற்கென்று இன்னொரு நிறுவனம்.”

“படம் போட்டுக் காட்ட முடியுமா?”

கட்டம் கட்டமாகப் போட்டார். அம்பு போட்டு இணைத்தார். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் வேலை முடிந்ததும் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் சொந்தக்காரர்கள் யார், இயக்குநர்கள் யார், ஒரு கட்டத்தில் இருக்கும் பெயர் அடுத்த கட்டத்திலும் இருக்கிறதா என்று தேடினேன். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பதுதான் என் தேடல். நூலகத்துப் பெண் நான் ஏதோ தணிக்கைப் பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்தார். அந்தக் கட்டங்களில் ஒரு பெயரும் இரண்டு இடத்தில் வரவில்லை.

ஆனாலும் ஒன்று தடுத்தது. போட்ட பணத்தைச் சில காரணங்கள் தவிர அறுபத்தைந்து வயது வரை எடுக்க முடியாது. பதினோரு வருடம் கதவுகளைத் திறந்துவைக்கச் சொல்லியே குரல் கட்டியவனுக்கு அந்த ஒரு வரி போதும். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராணி தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நாரணாபுரத்துக்குப் போட்டு, ரிசீவரை என் கையில் திணித்தாள். அக்காவின் குரல் கேட்டது. பொங்கல் வராமலே நான் பேசுவதில் அவள் பயந்துவிட்டாள்.

“ஏலே தம்பி, யாருக்கு என்னலே?”

“ஒண்ணுமில்லக்கா. ஒரு வெவரம் கேக்கணும்.”

சொன்னேன். பிடித்தம், கட்டங்கள், கம்பெனி சேர்த்துப் போடுவது, எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கதவு பூட்டிக் கிடக்கும் விஷயத்தையும் சொன்னேன்.

“நீயெல்லாம் போர்மேன்” என்றாள். “ஆளு ஒக்காந்து வேல பாக்குற ரூமுக்குத்தான்லே கதவு தொறந்து கெடக்கணும். சரக்கு வைக்குற கிட்டங்கிய எவனாச்சும் தொறந்து போடுவானா? அது தூரத்துல, ரெண்டு பூட்டோடல்லா இருக்கும். நீ பணத்துக்குள்ள போயி ஒக்காரப்போறியா?”

லைன் போய்விட்டதென்று நினைத்து ‘அலோ, அலோ’ என்றாள்.

“இருக்கேன்க்கா. நீ இப்ப எதுலயாச்சும் போடுறியா?”

“தபால் ஆபீஸ்ல.”

“எப்ப இருந்து?”

“கம்பெனி மூடுன மறுமாசத்துல இருந்து. எம்புட்டுப் போடப்போறேன், கொஞ்சந்தான். தீப்பெட்டி ஒட்டுற காசுல.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“மொதத் தடவ தபால் ஆபீஸ்னு சொல்லிப் பொய்யாப் போச்சு. மறுக்கா சொன்னா நம்புவியா? அதோட நீ பயந்து கெடந்த. நீ எம் மேல கோவமா இருக்கன்னு ஊரெல்லாம் சொன்னாக. நாந்தான் சொன்னேன், அது கோவமில்ல, பயம்னு.”

அவள் வயது ஐம்பத்தாறு. வேலைக்குப் போன காலமெல்லாம் சேர்த்தது மொத்தமும் போனவள். என்னிடம் ஒரு வேலையும் ஒரு வங்கிக் கணக்கும் மிச்சமிருந்தன. அவளிடம் அதுவும் இல்லை. அவள் போய்ப் போட்டிருக்கிறாள். மேசை இழுப்பறையில் படிவத்தைப் பூட்டி வைத்திருந்தவன் நான். அட்டையில் காசு தீரும் வரை பேசினோம். ஓடு மாற்றிவிட்டாளா என்று கேட்டேன். பாதி மாற்றியிருக்கிறாளாம், சமையல்கட்டுப் பக்கம் மட்டும்.

6

திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன்பே ஜூடியின் அறைக்குப் போனேன். கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டினேன். எந்த வகை நிதி என்று கேட்டிருந்த இடத்தில் அதிக ஆபத்தும் இல்லாத, அதிக வளர்ச்சியும் இல்லாத நடு வகைக்குக் குறியிட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

பேனாவைக் கொடுத்துவிட்டு, “போன தடவை, கம்பெனி எரிந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். இப்போது உறுதியாக இருக்கிறீர்களா?” என்றார்.

“இல்லை” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.